மலையேறிப் போன பிள்ளையும் பின்னாலேயே போன பெற்றோரும்

ஓம் சரவணபவ.

இந்த வாரம் நான் எழுதப் போவது பாடல் விளக்கமும் இல்லை, தல வரலாறும் இல்லை. பழனி அடிவாரத்துல வச்சு நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்தி. படிச்சுட்டு யாராவது ஒரு அப்பாவோ அம்மாவோ அந்தத் தப்பைச் செய்யாம நின்னாங்கன்னா, எழுதினதுக்கு அது போதும்.

எங்க பையனுக்கு அப்போ இரண்டு வயசு நாலு மாசம். முதல் மொட்டை கைக்குழந்தையா இருக்கும்போதே குலதெய்வக் கோயில்ல முடிஞ்சுது. இரண்டாவது மொட்டை பழனிக்குன்னு அம்மா வேண்டியிருந்தாங்க. முடி இறக்கி, காது குத்தி, மலையேறி தண்டாயுதபாணியைக் கும்பிட்டுட்டு வரணும். கோயமுத்தூர்ல இருந்து இரண்டு வண்டியில கிளம்பினோம். தாய்மாமன் மடி, புது வேட்டி, சந்தனம், எல்லாம் தயார்.

தலையில தண்ணி பட்டதுமே ஆரம்பிச்சான். அழுகைன்னு சொன்னா சரியா இருக்காது. உடம்பு முழுக்க விறைச்சு, முதுகு வில்லு மாதிரி வளைஞ்சு, தொண்டை கிழியற மாதிரி ஒரு அலறல். கத்தி தலையில பட்டப்போ மச்சான் கையைக் கடிச்சுட்டான். முடி எடுக்கிற அண்ணன், "பாதி எடுத்தாச்சுங்க, இனி விட முடியாது, பிடிச்சுக்கோங்க"ன்னு சொன்னார். நாலு பேர் பிடிச்சோம். பின்னாடி நின்னுட்டு இருந்த ஒரு பெரியம்மா, "இந்த வயசுலயே இத்தனை அடமா? ரெண்டு போட்டா சரியாயிடும்"னாங்க.

நான் போட்டேன். தொடையில, பளார்னு. ஒண்ணு இல்லை, இரண்டு.

அவன் அலறல் நிக்கலை. என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில கோபம் இல்லை. என்ன நடக்குதுன்னே அவனுக்குப் புரியலை. மொட்டை முடிஞ்சுது, காது குத்தலை. மலைக்கு அம்மாவும் அப்பாவும் மட்டும் போய்ட்டு வந்தாங்க. நானும் வீட்டம்மாவும் வண்டிக்குள்ள அவனை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். அவன் அழுது அழுதே தூங்கிட்டான். அதுக்கப்புறம் இரண்டு மாசத்துக்கு அவன் தலைகிட்ட யார் கையைக் கொண்டு போனாலும் ஒதுங்கினான். என் கைன்னா கண்ணை இறுக்கி மூடிக்குவான்.

பழனிக் கதை நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். நாரதர் கனி கொண்டு வந்தார், உலகத்தை முதல்ல சுத்தி வர்றவங்களுக்குக் கனின்னு சொன்னாங்க, முருகன் மயிலேறிப் போனார், பிள்ளையார் அம்மையப்பனைச் சுத்தி வந்து கனியை வாங்கிட்டார். திரும்பி வந்த முருகனுக்குக் கோபம். எல்லாத்தையும் உதறிட்டு, கோவணத்தோட வந்து மலைமேல நின்னுட்டார். இதை எத்தனை தடவை கேட்டிருப்போம்! ஆனா வண்டிக்குள்ள உட்கார்ந்திருந்த அந்த மதியம்தான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. சின்னப் பிள்ளை ஒண்ணு கோவிச்சுக்கிட்டதால உண்டான தலம் இது. அந்தப் பிள்ளை வாசல்ல வச்சு, அழுத பிள்ளையை நான் அடிச்சிருக்கேன்.

சரி, அந்தக் கதையில அப்பாவும் அம்மாவும் என்ன செஞ்சாங்க? கொஞ்சம் நிதானமாப் பாருங்க.

கனியைக் கொடுக்கலை. பிள்ளையார்கிட்ட இருந்து பிடுங்கி இவர்கிட்ட நீட்டலை. புதுசா இன்னொரு கனி வரவழைச்சுத் தரவும் இல்லை. உலகத்துக்கே சொந்தக்காரருக்கு அது ஒரு பெரிய விஷயமா?

அடிக்கவும் இல்லை. "இத்தனை பெரிய சபையில என் மானத்தை வாங்கிட்டியே"ன்னு சிவபெருமான் கேட்கலை.

"போனா போகட்டும், பசிச்சா தானா வருவான்"னு விட்டுடவும் இல்லை.

எழுந்து போனாங்க. பிள்ளை எங்கே நின்னுச்சோ அங்கேயே போனாங்க. போய், "பழம் நீ"ன்னு சொன்னாங்க. அதுவே பழனின்னு ஆச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. உனக்கு என்ன கிடைக்கலைன்னு பேசுற வார்த்தை இல்லை அது. நீ எங்களுக்கு யாருன்னு சொல்ற வார்த்தை. அதுக்கப்புறமும் "போதும், இறங்கி வா"ன்னு இழுத்துட்டுப் போகலை. அவருக்கு அந்த மலை பிடிச்சிருந்துது, அங்கேயே இருக்க விட்டாங்க. இன்னைக்கு நாம 693 படி ஏறி அந்தப் பிள்ளையைத் தேடித்தான் போறோம்.

கேட்டதைக் கொடுக்காம, அடிக்காம, தனியாவும் விடாம, பிள்ளை இருக்கிற இடத்துக்குப் போறது. இதைத்தான் பின்னாடி தெரபிஸ்ட் அக்காவும் வேற வார்த்தையில எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க.

பழனியில இருந்து வந்த பிறகுதான் நாங்க பழைய விஷயங்களை ஒண்ணு ஒண்ணாக் கோத்துப் பார்த்தோம். குக்கர் விசில் அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு அடுத்த ரூமுக்கு ஓடுவான். மிக்ஸின்னா அழுகை. சட்டைக் கழுத்துல இருக்கிற லேபிள் உறுத்தினா சட்டையையே கழட்டி எறிவான். பாதி நாள் ஜட்டியோடதான் திரிவான், "எங்க வீட்டுப் பழனியாண்டி"ன்னு அவங்க அமுச்சி கொஞ்சுவாங்க. தயிர் சாதமும் வெறும் இட்லியும் தவிர வேற எதுவும் வாயில வைக்க மாட்டான். குதிகால் தரையில படாம நடப்பான். நின்ன இடத்துலயே சுத்துவான். பேச்சும் குறைவு. இது ஒவ்வொண்ணுக்கும் வீட்டுல ஒரு பேர் வச்சிருந்தோம்: செல்லம், அடம், பிடிவாதம், அப்பனை மாதிரி.

குழந்தை டாக்டர் ஒரு வளர்ச்சி நிபுணர்கிட்ட அனுப்பினார். அவர் பொறுமையா இரண்டு தடவை பார்த்துட்டு, "இதுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு பின்னால பார்க்கலாம், உதவியை இப்பவே ஆரம்பிச்சுடலாம்"னார். அப்படித்தான் ஆக்குபேஷனல் தெரபிக்குப் போனோம்.

அங்கே நான் கத்துக்கிட்டது இது. நமக்குப் புலன் அஞ்சுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். அது போக இன்னும் மூணு இருக்கு. உடம்பு சாயுதா, சுத்துதான்னு காதுக்குள்ள இருந்து சொல்ற சமநிலை உணர்வு ஒண்ணு. கை கால் எங்கே இருக்கு, எவ்வளவு அழுத்துதுன்னு தசையும் மூட்டும் சொல்ற உணர்வு ஒண்ணு. பசி, தாகம், மூத்திரம் முட்டுறதுன்னு உள்ளே இருந்து வர்ற உணர்வு ஒண்ணு. இத்தனை பக்கமிருந்து வர்ற செய்தியையும் மூளை ஒண்ணா சேர்த்து அர்த்தம் பண்ணணும். அமெரிக்காவைச் சேர்ந்த ஜீன் ஏர்ஸ் என்கிற தெரபிஸ்ட் இதை ஆராய்ஞ்சு, இதுக்குப் 'புலன் ஒருங்கிணைப்பு'ன்னு பேர் வச்சார். 1972-ல் இதைப் பத்தி அவர் எழுதின புத்தகம் வந்துது. சில குழந்தைகளுக்கு இந்தச் சேர்ப்பு வேலை சுலபமா நடக்காது. நமக்கு லேசா படுற தொடுதல் அவங்களுக்கு முள்ளு மாதிரி இருக்கலாம். நமக்கு மணியோசை, அவங்களுக்கு மண்டைக்குள்ள இடி.

நான் சாப்ட்வேர்ல இருக்கிறவன். எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். ஒரு சர்வருக்குத் தாங்க முடியாத அளவு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்துல வந்தா அது விழுந்துடும். அப்போ யாரும் சர்வரை அடிக்கிறதில்லை. லோடைக் குறைப்போம். பழனியில என் பையனுக்கு வந்த லோடைக் கணக்குப் பாருங்க. ஜில்லுனு தண்ணி, தலையில கத்தி சுரண்டுற உணர்வு, பக்கத்துல பத்துக் குழந்தைங்க அழுகை, மைக் சத்தம், சந்தன வாசம், நாலு பேர் பிடி. அதுக்கு மேல அப்பாவோட அடி.

தெரபிஸ்ட் அக்கா சொன்ன ஒரு வித்தியாசத்தை எல்லா இளம் பெற்றோரும் தெரிஞ்சுக்கணும். வெளியில இருந்து பார்த்தா ஒரே மாதிரி தெரியிற அழுகை இரண்டு வகை.

முதல் வகை அடம். அதுல குழந்தைக்கு ஏதோ ஒண்ணு வேணும். பொம்மை, மிட்டாய், போன். நாம பார்க்கிறோமான்னு நடுவுல ஒரு கண்ணால பார்த்துக்கும். கேட்டது கிடைச்சா நின்னுடும். இந்த வயசுல இது எல்லாக் குழந்தைக்கும் வரும். ஆசை பெருசா இருக்கும், அதைச் சொல்றதுக்குப் பேச்சு போதாது. பழனி முருகன் கோபம் இந்த வகைன்னு வச்சுக்கலாம். இதுக்குப் பழனி வழிதான்: கனி கொடுக்க வேண்டாம், ஆனா கூடப் போய் நில்லுங்க.

இரண்டாவது வகை வெள்ளம். இதுல குழந்தைக்கு எதுவும் வேண்டியதில்லை. பொம்மையைக் கொடுத்தாலும் தூக்கி எறியும். யார் பார்க்கிறாங்கன்னு கவலை இல்லை. அதைத் தானா நிறுத்துற சக்தி அந்தக் குழந்தைக்கு அந்த நிமிஷம் கிடையாது. இதுல அடியோ, அறிவுரையோ, "எண்ணப் போறேன், ஒண்ணு... ரெண்டு..."வோ வேலைக்கு ஆகாது. நிரம்பி வழியிற குடத்துல இன்னும் ஒரு செம்பு ஊத்தற கதைதான்.

இந்த இரண்டாவது வகைக்கு எனக்கு வழி காட்டினது சரவணப் பொய்கை.

சிவனோட நெற்றிக் கண்ணுல இருந்து ஆறு பொறி கிளம்புது. வாயுவும் அக்னியும் தாங்க முடியாம கொண்டு போய் கங்கையில விட, கங்கை சரவணப் பொய்கையில சேர்க்குது. அங்கே தாமரையில ஆறு குழந்தைங்க. கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பால் கொடுத்து வளர்க்கிறாங்க. அப்புறம் அன்னை உமாதேவி வர்றா. ஆறு பேரையும் ஒரே அணைப்புல சேர்த்து எடுக்கிறா. ஆறு உடம்பு ஒண்ணாகுது, ஆறு முகம் ஒரு முருகன். அப்படி ஒண்ணு சேர்ந்ததாலதான் கந்தன்னு பேர் வந்ததுன்னு பெரியவங்க சொல்லுவாங்க.

அந்தக் காலத்துலயே நமக்கு எல்லா மருத்துவமும் தெரியும்னு சொல்ல நான் வரலை. அந்த மாதிரி பார்வர்டு மெசேஜ் நிறைய இருக்கு, அதுல இன்னொண்ணைச் சேர்க்க ஆசையில்லை. எனக்குத் தோணினது இவ்வளவுதான்: தனித்தனியா சிதறிக் கிடந்ததைச் சேர்த்தது ஒரு தாயோட அணைப்பு. நெருப்புப் பொறியைத் தேவர்களாலேயே தாங்க முடியலை. அம்மா தாங்கினா. என் பையன் வெள்ளமா உடைஞ்சு போற நேரத்துல அவன் ஆறா சிதறிக் கிடக்கிறான்னு நினைச்சுக்குவேன். என் வேலை அவனைத் திட்டி நிறுத்துறதில்லை, சேர்த்து எடுக்கிறது.

எல்லாக் குழந்தைக்கும் அணைப்பு பிடிக்காது, அதையும் சொல்லிடறேன். நிறையப் பேருக்கு லேசா தடவறது தொந்தரவு, அழுத்தமான பிடி ஆறுதல். சிலருக்கு அந்த நேரத்துல தொடவே கூடாது, பக்கத்துல உட்கார்ந்தா போதும். உங்க குழந்தை எந்த வகைன்னு உங்க தெரபிஸ்ட் கூட இருந்து கண்டுபிடிங்க.

எங்க வீட்டுல செய்யறது இது. அலறல் ஆரம்பிச்சா முதல்ல சத்தம், வெளிச்சம், கூட்டம் மூணுல எதைக் குறைக்க முடியும்னு பார்ப்போம். தலை இடிச்சுக்காம தலையணை வைப்போம். தரையில அவன் உயரத்துக்கு உட்காருவோம். கேள்வி கேட்க மாட்டோம். "அப்பா இருக்கேன்", இந்த ரெண்டே வார்த்தைதான். அவனா என்மேல சாய்ஞ்சா முதுகுல இரண்டு கையையும் அழுத்தி வச்சுக்குவேன். முடிஞ்சதும் தண்ணி, கொஞ்ச நேரம் தூளி. அறிவுரையை அடுத்த நாளைக்குக்கூட வச்சுக்கலாம்.

அலறல் வராத நேரத்துக்கும் வேலை இருக்கு. தண்ணி பாட்டிலைத் தூக்கிட்டு வரச் சொல்றது, துணிக் கூடையைத் தள்ளச் சொல்றது, சப்பாத்தி மாவு பிசையறது, மண்ணுல விளையாடறது, ஊஞ்சல். தசைக்கும் மூட்டுக்கும் வேலை கிடைச்ச நாள்ல அவன் நிதானமா இருக்கான். தூங்கும் முன்னாடி கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கிட்டே அவன் கை கால் அமுக்கி விடுவேன். கவசத்துல ஒவ்வொரு உறுப்பாச் சொல்லிக் காக்கச் சொல்லி வேண்டுவோம் இல்லையா? அந்தந்த உறுப்பு வரும்போது அங்கே ஒரு அழுத்தம். இதைச் செய்யலாமான்னு தெரபிஸ்ட் அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சேன். தலை வரும்போது மட்டும் ரொம்ப நாள் தாண்டிப் போனேன். அவன் அனுமதிக்கலை. போன மாசம் ஒரு ராத்திரி அவனே என் கையை எடுத்துத் தன் தலைமேல வச்சுக்கிட்டான். நான் கவசத்துல எங்கே விட்டேன்னே மறந்துட்டேன்.

அப்புறம் பெரியவங்க சொல்ற ஒரு விஷயம். "குமரகுருபரருக்கே அஞ்சு வயசு வரைக்கும் பேச்சு வரலை, அப்புறம் கந்தர் கலிவெண்பாவே பாடினார். முருகன் பார்த்துக்குவான், அவசரப்படாதே." எங்க வீட்டுலயும் சொன்னாங்க. அம்மாகிட்ட நான் மெதுவாக் கேட்டேன். "அம்மா, அவரைப் பெத்தவங்க ஸ்ரீவைகுண்டத்துல சும்மாவா உட்கார்ந்திருந்தாங்க? பிள்ளையைத் தூக்கிட்டுத் திருச்செந்தூர் வரைக்கும் போகலையா?" அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அடுத்த வாரத்துல இருந்து தெரபிக்கு அவங்களும் வர்றாங்க.

முருகன் பார்த்துக்குவான், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா பிள்ளையைத் தூக்கிட்டுப் போக வேண்டியது நாம. ஒரு வயசு ஆகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பலை, ஒன்றரை வயசுல விரல் நீட்டிக் காட்டலை, இரண்டு வயசுல இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசலை, எந்த வயசிலும் பேசிட்டு இருந்த வார்த்தை காணாமப் போகுதுன்னா தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட காட்டுங்க. பயப்படறதுக்காகச் சொல்லலை, பார்த்துடறது நல்லதுன்னு சொல்றேன். செலவு நினைச்சுத் தயங்கறவங்களுக்கு: 2013-ல் தொடங்கின தேசிய சிறார் நலத் திட்டத்துல மாவட்ட அளவுல ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கு. உங்க மாவட்ட அரசு மருத்துவமனையில விசாரிங்க. அங்கே கட்டணம் கிடையாது.

கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதையும் நாங்க விடலை, முறையை மாத்திக்கிட்டோம். கிருத்திகை, சஷ்டி, வெள்ளிக்கிழமை வேண்டாம்; சாதாரண நாள் காலையில, தீபாராதனை மணி அடிக்காத நேரமாப் பார்த்து. முந்தின நாளே கோயில் போட்டோவைக் காட்டிடுவோம். காதுக்குச் சத்தம் குறைக்கிற ஹெட்போன். திருநீறை நாங்க பூச மாட்டோம். உள்ளங்கையில வச்சுக் காட்டுவோம், தொட்டா தொடட்டும். முடியலைன்னா உடனே வெளியே. இரண்டு நிமிஷ தரிசனமும் தரிசனம்தான்.

இந்தக் கார்த்திகை மாசத்துல ஒரு செவ்வாய் தவிர்த்து, புதன்கிழமை காலையில மறுபடியும் பழனிக்குப் போனோம். மலையேறலை. அடிவாரத்துல திருஆவினன்குடி இருக்கு. மூன்றாம் படைவீடுன்னு சொல்றது அந்தத் தலத்தைத்தான். அங்கே முருகன் பேரே குழந்தை வேலாயுதசுவாமி, மயில்மேல உட்கார்ந்திருக்கிற குழந்தை. மேலே ஏற முடியாத எங்களை மாதிரி ஆட்களுக்காகவே கீழேயும் ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்னு எனக்குத் தோணுச்சு.

பையன் உள்ளே வந்தான். சாமியைப் பார்த்தானான்னு தெரியலை. ஒரு கல்தூண்கிட்ட போய் கன்னத்தை அழுத்தி வச்சுக்கிட்டான். ஜில்லுனு இருந்திருக்கும். எடுத்தான், திரும்ப வச்சான். யாரும் அவனை இழுக்கலை. நான் சந்நிதியைப் பார்த்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "முருகா, அன்னைக்கு உன் வாசல்ல கை ஓங்கிட்டேன். மன்னிச்சுடு." அப்புறம் தூண்கிட்ட போய் அவன் பக்கத்துல உட்கார்ந்து அவன்கிட்டயும் அதையே சொன்னேன். அவனுக்குப் புரிஞ்சுதான்னு தெரியாது. என் விரலைப் பிடிச்சுத் தூணுல வச்சுக் காட்டினான், இங்கே ஜில்லுனு இருக்குன்னு.

காது குத்தற நேர்த்திக்கடன் இன்னும் பாக்கி. வெளியே வரும்போது அம்மாவே சொன்னாங்க: "அவன் வந்து கேக்கறப்ப குத்திக்கலாம் சாமி. முருகன் என்ன, அவசரமா கேட்டானா?"

அடுத்த தடவை நீங்க கோயில் வரிசையில நிக்கும்போது ஒரு குழந்தை அடக்க முடியாம அலறினா, "வளர்த்த லட்சணம்"னு சொல்லாதீங்க. அந்தக் குடும்பத்துக்கு முன்னாடி போக வழி விடுங்க. "ஒண்ணும் அவசரமில்லைங்க, நீங்க பாருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அன்னைக்கு எங்க பின்னாடி அப்படி ஒருத்தர் நின்னிருந்தா, என் கை ஒருவேளை இறங்கியிருக்கும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!